குதிரை வாங்க முதல்: மேசை விளையாட்டில் புதியவர்கள் விடும் பிழைகள்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு பெடியங்கள் முதன்முறையாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி, ஒரு கற்பனைக் கதையைச் சேர்ந்து நடத்தும் விளையாட்டு அது. கையில் தங்கக் காசு சேர்ந்ததும் நாலு பேரும் குதிரை வாங்கினார்கள். பிறகு, நான் ஒரு காலத்தில் விட்ட அதே பிழைகளை வரிசையாக விட்டார்கள். இங்கே வரும் கணக்கெல்லாம் 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிநூலின்படி.

தூரத்தை இரண்டால் பெருக்குவது

“அண்ணை, எங்களுக்கு வேகம் முப்பது அடி, குதிரைக்கு அறுபது. அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு மடங்கு தூரம் போகலாம்தானே?”

போக முடியாது. அந்த அறுபது அடி சண்டையில் ஒரு சுற்றுக்கு, அதாவது ஆறு விநாடிக்கு உரியது. சாதாரண வேகத்தில் ஒரு நாள் பயணம் 24 மைல். குதிரையில் போனாலும் அதே 24 தான். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். குதிரை கூடுதலாகத் தருவது ஒரு மணி நேரப் பாய்ச்சல். அதில் 8 மைல் போகலாம். 8 முதல் 10 மைலுக்கு ஒருமுறை புதுக் குதிரை மாற்ற வழியிருந்தால்தான் அதற்கு மேல் ஓடலாம்.

இந்தக் கணக்கால் நாங்கள் ஒரு ஊரையே இழந்தோம். 96 மைல் தள்ளியிருந்த ஊருக்கு, முற்றுகைக்கு முன் போய்ச் சொல்ல வேண்டும். நாலு நாள் இருந்தது. குதிரையில் இரண்டு நாள் போதும் என்று நான் அடித்துச் சொன்னேன். முதல் இரண்டு நாளும் சந்தையில் போயிற்று. போய்ச் சேர்ந்தபோது நெற்களஞ்சியம் எரிந்து முடிந்திருந்தது. முன்பு எங்களுக்குச் சோறு போட்ட ஆச்சி உயிரோடு இல்லை. கதையில் வரும் ஆச்சிதான், ஆனாலும் அன்று மேசையில் ஒருவரும் பேசவில்லை. இன்றும் யாராவது ‘ரெண்டு மடங்கு’ என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தண்ணீரை மறப்பது

குறிகட்டுவானில் படகேறி ஒருமுறை நெடுந்தீவுக்குப் போய்ப் பாருங்கள். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வந்த குதிரைகளின் வழிவந்தவை அங்கே கட்டாக்காலியாகத் திரிகின்றன. ஒரு பெட்டைக் குதிரையை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தலை நிமிரவேயில்லை, ஒரு வாய் புல், ஓரடி, பிறகு இன்னொரு வாய். கடும் வறட்சியில் அங்கே குதிரைகள் தண்ணீரில்லாமல் செத்திருக்கின்றன. ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். கதை வறண்ட நிலத்தில் நடந்தால், கிணறு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

விலையோடு கணக்கை முடிப்பது

குதிரை 75 தங்கக் காசு. சேணம் 10, கடிவாளம் 2. அப்புறம் லாயத்துக்கு ஒரு நாளைக்கு 5 வெள்ளிக் காசு. நாலு குதிரை என்றால் தினமும் 2 தங்கம் போகும்.

சண்டைக்குள் கொண்டுபோவது

சவாரிக் குதிரையின் உயிர்ப்புள்ளி 13; அவ்வளவு சேதம் பட்டால் விழுந்துவிடும். தீப்பந்து மந்திரத்திலிருந்து பாதி தப்பினாலும் படும் சேதம் சராசரி 14.

குகை வாசலில் கட்டிவிட்டுப் போவது

காவலுக்கு ஆள் இல்லையா, கட்டாதீர்கள்.

கோவேறு கழுதையைக் கவனிக்காமல் விடுவது

8 தங்கம். 420 இறாத்தல் சுமக்கும். முதலில் அதை வாங்குங்கள்.