ராத்திரி மூணு மணிப் படபடப்பு

போன ஆடி மாசம் ஆரம்பிச்சது. சரியா மூணு மணிக்கு முழிப்பு வரும். நெஞ்சு திக்திக்னு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும். மாரடைப்புதான்னு பயந்து ஈசிஜி எடுத்தேன், நார்மல். தைராய்டும் சரி. "பதற்றம்தான். காபி எத்தனை குடிப்பீங்க?"ன்னு டாக்டர் கேட்டப்போ கோபம்தான் வந்தது. எண்ணிப் பார்த்தா அஞ்சு டம்ளர், கடைசி டம்ளர் சாயங்காலம் ஆறரைக்கு! குடிச்ச காஃபீன்ல பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகுமாம். மதியம் 2 மணிக்கு மேல காபியை நிறுத்தினேன். மூணு நாள் மண்டையிடி. (அம்மா சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாங்க. அதுல காபித்தூளே இல்லைங்கறது வேற கதை.)

மூச்சுப் பயிற்சின்னா எனக்கு நக்கல். ஆனா 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட்டா துடிப்பு இறங்கத்தான் செய்யுது. எங்க வீட்டு ஃபேன் ஒரு சுத்துக்கு ஒரு 'டொக்' போடும். அதையே எண்ணிக்குவேன். ரிப்பேர் பண்ண மனசு வரல.

ரொம்ப உதவினது மளிகை நோட்டுதான். அதோட பின்பக்கத்துல, சாயங்காலம் 7 மணிக்கு 15 நிமிஷம், கவலை எழுத மட்டும். 'கேஸ் டியூப் மாத்தணும்.' 'பொண்ணு ஃபீஸ்.' 'மேனேஜர் ஏன் வெறும் பார்க்கலாம்னு சொன்னார்?' ராத்திரி எட்டிப் பார்க்கற கவலைகிட்ட "நாளைக்கு ஏழு மணிக்கு வா"ம்பேன். பாதி வர்றதே இல்லை.

தை மாசம் ஒரு வாரம் இதெல்லாம் எடுபடல. அரசோட மனநல உதவி எண், டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிட்டேன். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழ்லயே பேசினாங்க. இப்பவும் மாசத்துக்கு ரெண்டு தடவை மூணு மணிக்கு முழிப்பு வருது. ஃபேனை எண்ண ஆரம்பிச்சுடுவேன்.