தாடை வலியா? பல்லைப் பிடுங்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

தாடை வலித்தால் நம் ஊர்ப் பக்கம் முதல் பழி கடவாய்ப் பல் மேல்தான் விழும். பல்லில் ஒன்றும் தெரியவில்லை என்றால் காது. அதுவும் இல்லையென்றால் வாயு பிடித்திருக்கிறது என்பார்கள். இப்படி ஏதோ ஒன்றை நாமே முடிவு செய்து, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளை ஓட்டுகிறவர்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிறையப் பேர். வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிவதற்குள் வைத்தியம் தொடங்கிவிடுவதால்தான் சின்னப் பிரச்சினைகூட வருஷக்கணக்கில் இழுக்கிறது.

உயிருக்கே ஆபத்தான தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பின் வலி சிலருக்குத் தாடையில் வரும். மாடிப்படி ஏறும்போதும் பீச் ரோட்டில் வேகமாக நடக்கும்போதும் கீழ்த்தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது என்றால் அது இதயம் கொடுக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். திடீரென்று தாடை வலியோடு வியர்த்துக்கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, குமட்டினாலோ, கைக்கு வலி பரவினாலோ சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல்கூட மாரடைப்பு வரும் என்பதால், நெஞ்சில் ஒன்றும் இல்லையே என்று தைரியமாக இருந்துவிட வேண்டாம்.

அடுத்தது, அவசரப்பட்டுப் பல்லைப் பிடுங்குவது. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் உறவுக்கார அத்தை ஒருவருக்குக் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று வலி வரும், சில நொடிகளில் போய்விடும். பல் துலக்கினால் வரும், முகம் கழுவினால் வரும், பஸ்ஸில் ஜன்னல் காற்று பட்டாலும் வரும். அவரே பல் வலி என்று முடிவு செய்து, பிடுங்கியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்துப் பிடுங்கிக்கொண்டார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் எடுத்தார்கள். அப்புறம்தான் ஒரு மருத்துவர் நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அது டிரைஜெமினல் நியூரால்ஜியா என்கிற முக நரம்பு வலி. கார்பமசெபைன் மாதிரியான மாத்திரையில் நன்றாகக் கட்டுப்படும். போன பல் போனதுதான். சொத்தையோ சீழோ கண்ணுக்கோ எக்ஸ்ரேயிலோ தெரியாமல், சந்தேகத்தின் பேரில் ஒரு பல்லையும் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, இதயமும் இல்லை, பல்லும் இல்லை, நரம்பும் இல்லை என்றால் பெரும்பாலும் அது தாடை மூட்டு, அல்லது அதை இயக்கும் தசை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காது மடலுக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஒரு எலும்பு உருள்வது தெரியும். அதுதான் மூட்டு. கதவுக் கீல் மாதிரி திரும்புவதோடு முன்னாலும் நழுவிப் போய் வரும். எலும்புகளுக்கு நடுவே மெத்தென்ற சிறு தட்டு ஒன்று இருக்கிறது. அது இடம் விலகித் திரும்பும்போதுதான் பெரும்பாலும் ‘டொக்’ என்று சத்தம் கேட்கும். வலி இல்லாமல், வாயும் நன்றாகத் திறந்தால், சத்தத்துக்கென்று வைத்தியம் எதுவும் தேவையில்லை. சத்தம் போக வேண்டும் என்று தாடையை இப்படியும் அப்படியும் திருகி நெட்டி எடுப்பதும், சலூனில் முடி வெட்டிய கையோடு முகவாயைப் பிடித்துத் திருப்பச் சொல்வதும் இருக்கிற பிரச்சினையைக் கூட்டத்தான் செய்யும். மூட்டு காதுக்கு ஒட்டியே இருப்பதால் காதுவலி போலவே தோன்றும். அதற்காகக் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றவே கூடாது.

இந்த வலியை வளர்ப்பது பெரும்பாலும் நம் பழக்கம்தான். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, வேலை மும்முரத்தில் தெரியாமலே பல்லை இறுக்கிக்கொண்டிருப்பது, தைக்கும்போது நூலைப் பல்லால் கடித்து அறுப்பது, எப்போதும் ஒரே பக்கம் மெல்லுவது. பொங்கல் முடிந்த கையோடு வரும் தாடை வலிக்குக் கரும்பைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை. காலையில் எழும்போதே கன்னமும் நெற்றிப் பொட்டும் வலித்தால் இரவில் பல் கடிக்கிறீர்களா என்று பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கவே கூடாது. உதடு மூடியிருக்கட்டும், உள்ளே பற்கள் விலகியிருக்கட்டும். இந்த ஒன்றைப் பழகினாலே பலருக்குப் பாதி வலி குறையும். அதோடு சில நாள் இட்லி, குழைந்த சாதம் என்று மெதுவான சாப்பாடு, பதினைந்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம், கொட்டாவி வரும்போது முகவாயைக் கையால் தாங்கிக்கொள்வது. முந்திரியும் முறுக்கும் காத்திருக்கட்டும். அதற்காக வாயை அசைக்காமலே மாதக்கணக்கில் கஞ்சி குடித்தால் மூட்டு இறுகிப்போகும்.

வலி மாத்திரையை வாரக்கணக்கில் தாமாகவே போடுவதும் தவறு. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எல்லாம் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் ஆகாது. கிருமி இல்லாத மூட்டு வலிக்கு ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தாடை மூட்டு வலிக்காக நல்ல பற்களைத் தேய்த்துக் கடியைச் சரிசெய்கிறேன், கிளிப் போடுகிறேன், ஆபரேஷன் செய்கிறேன் என்று எடுத்த எடுப்பிலேயே யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். இந்த வலி பெரும்பாலானவர்களுக்கு எளிய சிகிச்சையிலேயே தணிந்துவிடும். அதனால் திரும்ப மாற்ற முடியாத எதையும் கடைசியில் யோசித்தால் போதும். பல் கடிப்பவர்கள் இரவில் பல்மேல் மாட்டிக்கொள்ளும் உறைகூட (நைட் கார்டு) உங்கள் பல்லுக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டு வளைப்பது சரியாகப் பொருந்தாமல் கடியையே மாற்றிவிடலாம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நடுவில் இருக்கும் தட்டு தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும், ஆனால் எல்லோருக்கும் வேண்டியதில்லை.

பாக்கு, குட்கா, பான் மசாலா போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி முன்பல்லுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தது இப்போது நுழையவில்லை, காரம் பட்டால் வாயெல்லாம் எரிகிறது என்றால் தாடை பிடித்துக்கொண்டது என்று ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகும் நோய் அது, புற்றுநோயாக மாறக்கூடியது. பாக்கை அன்றே நிறுத்திவிட்டு வாய் மருத்துவரைப் பாருங்கள்.

கன்னமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சலோடு விழுங்க முடியாமல் போனால், கொட்டாவி விட்ட வாய் மூடாமல் நின்றுவிட்டால், காயம் பட்ட சில நாளில் வாய் திறக்காமல் இறுகினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குச் சாப்பாட்டை மெல்லும்போது தாடை வலித்து, புதிதாகப் பொட்டில் வலியும் பார்வை மங்கலும் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், தாமதித்தால் பார்வையே போய்விடக்கூடும்.

எங்கே போவது? புதுச்சேரியில் கோரிமேடு பக்கம் ஜிப்மரும், மகாத்மா காந்தி பல் மருத்துவ உயர்கல்வி நிறுவனமும் இருக்கின்றன. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று இருந்ததுதான். பல் மருத்துவக் கல்லூரிகளில் வாய் நோய்க்கும் முகத்தாடை அறுவைக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. போகும்போது வலி எப்போது வருகிறது, எது செய்தால் கூடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் அட்டையோடு காட்டுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் பல்லில் கை வைக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளில் சில, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பை ஆறவிடாமல் செய்யும்.