கடலோர ஊரில் படிக்கிறீர்களா? சைக்கிள் செயினைக் கவனியுங்கள்

கடல் பக்கத்துச் சின்ன ஊரில் படிக்கப் போகிறவர்களுக்கு சைக்கிளைப் போல நல்ல துணை கிடையாது. ஆனால் உப்புக்காற்று அதைச் சும்மா விடாது. முதல் வருடம் விடுமுறைக்குப் போனபோது விடுதி வாசலில் வெளியிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்தால் செயின் முழுக்கத் துரு, மிதித்தால் கரகரவென்று சத்தம்.

வாரம் ஒருமுறை 10 நிமிடம் ஒதுக்கினால் போதும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் செயினைத் துடையுங்கள். குழாயால் பீய்ச்சி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும். நன்றாகக் காய்ந்ததும் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அப்புறம் மேலே வழிவதைத் துடைத்தே ஆக வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மணல் ஒட்டினால் உப்புத்தாள் போலப் பல்சக்கரத்தையே தேய்த்துவிடும். பூட்டையும் மறக்காதீர்கள், அதுவும் துருப்பிடிக்கும்.

இன்னொன்று. வெயில் ஏறியதும் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாவதால் காற்று கடலிலிருந்து வீசும். கல்லூரி கடல் பக்கம் இருந்தால் மதிய வகுப்புக்குப் பெரும்பாலும் எதிர்காற்றுதான். கொஞ்சம் முன்னாலேயே கிளம்புங்கள்.