ஐஸ்லாந்துக் குதிரையில் ஏறுமுன்

கொழும்பிலிருந்து புறப்படும்போது பழைய சவாரிக் கையுறை, சவாரிக்குப் பயன்படுத்திய தோல் சாமான் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், ஐஸ்லாந்துக்குள் விடமாட்டார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகளாக வெளிக்குதிரை கலக்காத இனம் ஐஸ்லாந்துக் குதிரை; வெளிநோய்களைத் தாங்காது. ஒருமுறை நாட்டைவிட்டுப் போன குதிரை திரும்பவே முடியாது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கும்.

உயரம் 140 சென்றிமீற்றர் அளவுதான். நெடுந்தீவு மட்டக்குதிரைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் அங்கே மட்டக்குதிரை என்று சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு அது குதிரைதான்.

'தோல்ட்' என்பது இந்தக் குதிரைக்குப் பேர்போன, உடம்பைக் குலுக்காத நடை. அதற்கு முதுகை நிமிர்த்தி, சேணத்தில் ஆழமாக அமருங்கள். கடிவாளத்தை மெதுவாகச் சேர்த்துப் பிடித்து, காலால் இலேசாக அழுத்துங்கள். பிறகு காதைக் கொடுங்கள். இரண்டிரண்டாகக் குளம்புகள் விழுந்து உடம்பு குலுங்கினால் அது வெறும் பெருநடை. தகதிமி, தகதிமி என்று நான்கும் தனித்தனியே கேட்டால், தோல்ட் வந்துவிட்டது.