கார்க் பிரமிடும் ஜப்பானியக் குழந்தையும்: மொழி உளவியல் ஒப்பாய்வுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்க்கைப் பிரமிடு வடிவில் செதுக்கி, இரண்டு வயதுக் குழந்தையின் முன்னே வைத்து, அது கேட்டறியாத ஒரு பெயரைச் சொல்கிறார்கள். பிறகு இரண்டு தட்டுகளைக் காட்டுகிறார்கள். ஒன்றில் வேறு பொருளால் ஆன பிரமிடு. மற்றதில் உருவமற்ற கார்க் துண்டுகள். அந்தப் பெயருக்கு உரியது எது என்று கேட்டால், அமெரிக்கக் குழந்தைகள் பெரும்பாலும் வடிவத்தைப் பின்பற்றினர். ஜப்பானியக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு இல்லை. முட்சுமி இமாயும் டெட்ரி ஜென்ட்னரும் 1997இல் வெளியிட்ட இந்த ஆய்வு, ‘ஜப்பானியர் உருவத்தைப் பார்ப்பதில்லை, மூலப்பொருளையே பார்க்கிறார்கள்’ என்று சுருக்கிச் சொல்லப்படுவதுண்டு. என் கணிப்பில் மிகப் பெரிய தவறு இதுதான், ஏனெனில் அது ஆய்வின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

எலுமிச்சை பிழியும் கருவி போன்ற சிக்கலான வடிவமுள்ள பொருள்களைக் காட்டியபோது இரு நாட்டுக் குழந்தைகளும் வடிவத்தையே தேர்ந்தார்கள். மணல் போன்றவற்றை ஓர் உருவத்தில் பரப்பிக் காட்டியபோது ஜப்பானியக் குழந்தைகள் தெளிவாக மூலப்பொருளின் பக்கம் நின்றார்கள். அமெரிக்கக் குழந்தைகளிடம் அந்தத் தெளிவு இல்லை. ஆங்கிலத்தில் எண்ணத்தக்க பெயரையும் எண்ண முடியாத பெயரையும் இலக்கணம் ஓயாமல் பிரித்துக் காட்டும். ஜப்பானிய மொழியில் பன்மை விகுதி கட்டாயமில்லை. (‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்று சொல்லும் நமக்கு இது புதிரல்ல.) அப்படியிருந்தும் ஜப்பானியக் குழந்தை தனி உருவமுள்ள பொருளையும் மணல் போன்ற மூலப்பொருளையும் வேறுபடுத்துகிறது என்பதால், அந்த வேறுபாட்டையே இலக்கணம்தான் கற்றுத்தருகிறது என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைனின் கருத்துக்கு இந்த ஆய்வு எதிராகவே நிற்கிறது. கார்க் பிரமிடு போல எந்தப் பக்கமும் சேராத எளிய வடிவங்களில்தான் மொழியின் கை மிகவும் ஓங்குகிறது.

ர, ல பற்றிய ஆய்விலும் இத்தகைய அரைகுறை வாசிப்பு நிகழ்கிறது. பட்ரீசியா கூலும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்டதன்படி, ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இரு நாட்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் ஆங்கிலத்தின் அவ்விரு ஒலிகளைப் பிரித்தறிந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் அமெரிக்கக் குழந்தைகளின் சரி விகிதம் சுமார் 74 சதவீதமாக உயர, ஜப்பானியக் குழந்தைகளுடையது சுமார் 60 ஆகச் சரிந்தது. ‘ஜப்பானியக் காது அந்தத் திறனை இழந்துவிட்டது’ என்று எழுதுவோர், இடைவெளியின் பெரும்பகுதி அமெரிக்கக் குழந்தைகளின் உயர்வால் வந்தது என்பதை விட்டுவிடுகிறார்கள். வயதுவந்த ஜப்பானியர்களும் பயிற்சியால் முன்னேறுகிறார்கள் என்பது தனியே நிறுவப்பட்டிருக்கிறது.

வினாத்தாள்களில் வேறுவிதமான சறுக்கல். ‘நான் தனித்து முடிவெடுப்பவன்’ என்ற கூற்றுக்கு ஏழு புள்ளி அளவுகோலில் மதிப்பெண் தரும் டோக்கியோ மாணவர் தம்மைப் பிற ஜப்பானியரோடும், கனடா மாணவர் தம்மைப் பிற கனடியரோடும் ஒப்பிட்டுத்தான் குறிக்கிறார். ஆகவே இரு சராசரிகளும் நெருங்கிவந்தால் இரு பண்பாடுகளும் ஒன்றென ஆகாது. ஸ்டீவன் ஹைனும் சக ஆய்வாளர்களும் 2002இல் சுட்டிக்காட்டிய சிக்கல் இது. போதாக்குறைக்கு, ஜப்பானிய மாணவர்கள் நடுப்புள்ளியை நாடுவதும் அமெரிக்க மாணவர்கள் ஓரப்புள்ளிகளை நாடுவதும் அதிகம்.

எழுவாய் இல்லாத வாக்கியங்களை எண்ணி ‘ஜப்பானியருக்குத் தனிமனித உணர்வு குறைவு’ என்பாரும் உண்டு. ‘வந்தேன்’ என்று மட்டும் சொல்லும் தமிழர், வினைமுற்றே ‘நானை’ச் சுமக்கிறது என்று தப்பிக்கலாம், ஜப்பானிய வினைக்கு அந்த விகுதியும் இல்லை, ஆனால் யார் வந்தார் என்பதில் கேட்பவருக்குக் குழப்பமும் இல்லை.

தாய்மாரின் பேச்சை ஒப்பிட்ட ஆன் ஃபெர்னால்டும் ஹிரோமி மொரிகாவாவும் 1993இல் கண்டது: அமெரிக்கத் தாய் பொம்மைக் காரைக் காட்டி அதன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஜப்பானியத் தாய் அதே காரைக் குழந்தையிடம் கொடுத்து, திரும்பக் கேட்டு வாங்கி, நன்றி சொல்கிறார். பெயர்ச்சொற்களை மட்டும் எண்ணுபவருக்கு ஜப்பானியத் தாய் குறைவாகக் கற்பிப்பதாகத் தோன்றும். கொடுக்கல் வாங்கலின் மரியாதைச் சொற்கள் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. அந்தத் தாய் காரைக் குறிக்கச் சொல்லும் ‘பூபூ’ வண்டியின் ஓசையும்தான், வண்டியின் பெயரும்தான், நம் வீட்டு ‘பௌபௌ’ நாயின் குரலாகவும் நாயாகவும் இருப்பது போல. அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று ஆய்வாளர் முடிவு செய்த பிறகே, ஜப்பானியக் குழந்தை கேட்கும் பெயர்ச்சொற்கள் எத்தனை என்ற எண் பிறக்கிறது.