ஈயம் இல்லாமல் ஒரு வண்ணக் கண்ணாடி

பழைய போட்டோ பிரேமிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்க மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடையுங்கள். விரல் பட்ட பிசுக்கு இருந்தால்கூட பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

அப்புறம் டிசைன். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். உண்மையான தேவாலய ஜன்னல்களில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டையும் ஈயப் பட்டை சுற்றிப் பிடித்திருக்கும், அதனால் அங்கே எந்தக் கோடும் பாதியில் அந்தரத்தில் நிற்காது. நீங்கள் வரையும் ஒவ்வொரு கோடும் இன்னொரு கோட்டிலோ விளிம்பிலோ போய் முட்டினால்தான் கண் நம்பும்.

கோட்டுக்கு ஃபெவிகாலில் கறுப்பு அக்ரிலிக் கலந்து, மெஹந்தி கோன் மாதிரி சுருட்டிய கவரில் நிரப்பிக்கொள்ளுங்கள். படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, கோன் முனையை உரசாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்து இழுத்தால் கோடு நூல் போல விழும். ஒரு இரவு முழுக்கக் காயட்டும்.

வண்ணத்துக்கு சால்வென்ட் வகை (தண்ணீருக்குப் பதில் தின்னர் போன்ற கரைப்பானில் கலந்தது) கிளாஸ் கலர் வாங்குங்கள். முதல் தடவை நான் தண்ணீரில் கரையும் வகையை ஊற்றினேன், கறுப்புக் கோடு இளகி மஞ்சள் எல்லாம் சாம்பலாகிவிட்டது. ஆனால் சால்வென்ட் வகையின் நெடி அதிகம், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. பிரஷ்ஷால் தேய்க்காமல் சொட்டாக விட்டு, பல்குச்சியால் மூலைவரை தள்ளுங்கள். குமிழி வந்தால் உடனே குண்டூசியால் குத்திவிடுங்கள். காயும்வரை சமதளத்தில் படுக்கவையுங்கள், சாய்த்தால் வண்ணம் ஒரு பக்கமாக இறங்கிவிடும்.