வீடிழந்த குடும்பங்களுக்குப் பணக் கணக்கு சொல்லித்தரும் திருச்சபையார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு வகுப்பு தொடங்கும் முன்பே நம் மனதுக்குள் நடந்துவிடுகிறது. ‘பணத்தைக் கையாளத் தெரியாததால்தான் இவர்கள் வீட்டை இழந்தார்கள்’ என்ற எண்ணத்தோடு போய் நிற்கிறோம். அவர்களிடம் கேட்டால் வேறு கதை வரும். வேலை போயிருக்கும், வாடகை ஏறியிருக்கும், வீட்டில் ஒருவர் நோயில் விழுந்திருப்பார், அல்லது அடி தாங்காமல் பிள்ளைகளோடு ஒரு தாய் இரவோடு இரவாக வெளியேறியிருப்பார். கையிலிருக்கும் கொஞ்சத்தை நான்கு வயிற்றுக்கு வாரக்கடைசி வரை இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர் அந்தத் தாய். அவரிடம் போய்ச் ‘சிக்கனமாக இருங்கள்’ என்று தொடங்கினால், அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. பற்றாக்குறையே மனதின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அதே விவசாயிகள், அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோது சிந்தனைச் சோதனைகளில் பெற்ற மதிப்பெண், அறுவடைப் பணம் வந்தபின் பெற்றதைவிடக் குறைவாக இருந்தது. ஆகவே ஒருவர் சொன்னதை மறந்தாலோ படிவத்தைப் பாதியில் விட்டாலோ அக்கறையில்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே விஷயம் போதும். படிவம் இருந்தால் அருகில் உட்கார்ந்து அங்கேயே நிரப்பி முடித்துவிடுங்கள்.

பன்னிரண்டு வாரப் பாடத்திட்டம், தடித்த புத்தகம், ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றி ஒரு பாடம் எல்லாம் நல்லெண்ணத்தோடுதான் தயாராகின்றன. ஆனால் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமேயர் ஆகியோர் இத்தகைய நிதிக் கல்வி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட முடிவு நம்மை யோசிக்க வைக்க வேண்டும். மக்கள் பணத்தைக் கையாளும் விதத்தில் காணப்பட்ட வேறுபாடுகளில் 0.1 சதவீதத்தைத்தான் அந்த வகுப்புகளால் விளக்க முடிந்தது. வருமானம் குறைந்தவர்களிடம் பலன் இன்னும் குறைவு. மணிக்கணக்கில் நடத்திய வகுப்புகளின் பலன்கூட இருபது மாதத்தில் ஏறக்குறைய மறைந்துபோனது. தேவை எழும் நேரத்திலேயே அதற்கானதைச் சொல்லித்தருவதுதான் அவர்கள் பரிந்துரைத்த வழி. நாளை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறவரோடு இன்றிரவு அந்த ஒப்பந்தத்தையே வரி வரியாகப் படியுங்கள். முன்பணம் எந்தச் சூழலில் திரும்பக் கிடைக்காது? தாமதக் கட்டணம் எத்தனையாம் நாளிலிருந்து ஏறும்? அதுதான் அன்றைய பாடம்.

மாத பட்ஜெட் தாளை நீட்டுவதும் பலிக்காது. கூலி நாளுக்கு நாள், வாரத்துக்கு வாரம் மாறும் குடும்பத்துக்கு மாதம் என்பது மிக நீண்ட அளவு. நாட்காட்டி ஒன்றை விரித்து, பணம் வரும் நாளை ஒரு நிறத்திலும் கட்ட வேண்டிய நாளை இன்னொரு நிறத்திலும் குறியுங்கள். இடையில் எங்கே பள்ளம் என்பது கண்ணுக்கே தெரியும். கடனிலும் இப்படித்தான். உரக்கக் கத்தும் கடன்காரருக்கே முதலில் கொடுக்கத் தோன்றும். கூரையையும் வேலையையும் காப்பாற்றும் செலவுகளான வாடகை, மின்சாரம், வேலைக்குப் போகும் பயணச் செலவு, கைப்பேசி ஆகியவை அதற்கு முன்னால் வர வேண்டும். கைப்பேசியை ஆடம்பரம் என்று சொல்லிவிடாதீர்கள். முகவரி இல்லாதவருக்கு வேலைக்கான அழைப்பும் பள்ளியிலிருந்து வரும் செய்தியும் அதில்தான் வந்து சேர்கின்றன.

‘சேமியுங்கள்’ என்பதிலும் கவனம் வேண்டும். சில உதவித் திட்டங்களில் கையிருப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் உதவியே நின்றுபோகும். அந்த விதியை விசாரிக்காமல் ஆலோசனை சொல்வது ஆபத்து.

சபைக்கே உரிய தவறுகளும் உண்டு. அவைதான் என்னை அதிகம் வருத்துகின்றன. ஒரு குடும்பத்தின் கடன் விவரம் ஜெபக்குறிப்பாக மாறி, ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுவதும் பரவிவிடுகிறது. பெயர் சொல்லாவிட்டாலும் யாரென்று எல்லோருக்கும் தெரியும். அனுமதியில்லாமல் சொன்ன ஜெபக்குறிப்பு வெறும் புறங்கூறல்தான். வீடு கிடைத்ததும் மேடையேறிச் சாட்சி சொல்லும்படி அவர்களை நெருக்குவதும் இதே ரகம். பட்ஜெட்டின் முதல் வரியில் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கையை, எழுதச் சொல்லாதீர்கள். ஆராதனைக்கு வந்தால்தான் உதவி என்ற சாயலும் வேண்டாம். அவர்களுடைய பணத்தை உங்கள் பையில் பத்திரப்படுத்தாதீர்கள், தனிப்பட்ட முறையில் கடனும் கொடுக்காதீர்கள். கொடுத்த மறுநாளிலிருந்து அவர்கள் உங்கள் முகத்தைப் பார்க்கவே தயங்குவார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பெற்றோரிடம் ‘எவ்வளவு கடன்?’ என்று கேட்கவே கூடாது. பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் உணவும் விளையாட்டும் ஏற்பாடு செய்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

சாவி கைக்கு வந்த அன்றே வகுப்பையும் முடித்துக்கொள்கிறோம். முன்பணம் கட்டிக் கையிருப்பு கரைந்திருக்கும் நேரம் அது. முதல் மின்கட்டணம் எந்த நாளில் வரும் என்று கேட்டுக் குறித்துவைத்து, அந்த வாரம் ஒருமுறை போய்க் கதவைத் தட்டுங்கள்.